காயாத நீலம்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். அந்தச் சுவரில் மட்டும் சாயாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இது நம் தனுஷனின் மச்சான் பிரதாப்புக்கு நடந்தது. ஹட்டனில் வேன்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறானே, அவனேதான்.

இரவு பத்து மணி. நோர்வூட் பாதையில் ஒரு நாய்கூட இல்லை... மூடுபனி. பிரதாப் தன் விதியை நொந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் நீர்த்தேக்கக் கரைக்குப் போகிறான். ஒரே வேலைக்கு மூன்றாவது இரவு.

ஹோட்டல்காரர்கள் அங்கே ஒரு கொட்டகையில், தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அதன் கதவுக்குக் கீழே நீலப் பட்டை உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருந்தது. புது நீலத்தைப் பழைய நீலத்தோடு ஒட்டுத் தெரியாமல் கலந்துவிட வேண்டும். வேன் என்றால் பிரதாப் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். இங்கே இரண்டு இரவும் அடித்துவிட்டுப் போனான். இரண்டு நாள் காலையிலும் அந்த நீலத்தில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன.

விடிந்தால் விமானம் பறக்க வேண்டும். மேனேஜர் ஸுஹைர் சத்தம் போடவில்லை. இன்றைக்கும் சரிவராவிட்டால் ஹோட்டல் வேன்களை இனிமேல் கண்டியில் கொடுத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னார். அந்த வேன்கள் போனால் பிரதாப் கராஜைப் பூட்ட வேண்டியதுதான்.

போன வேகத்தில் வாட்ச்சர் சின்னத்தம்பியைப் பிடித்து ஏசினான். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். தேயிலைக் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தடித்துப்போன விரல்கள். பெயிண்டில் பதிந்தவையோ மெலிந்த விரல்கள்.

"நான் வாசல் கேட்ட விட்டு அசையலங்க தம்பி," என்றார்.

பிரதாப் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். பட்டையைத் தேய்த்தான், துடைத்தான், ஓரத்தில் மெலிதாகப் படியும்படி ஸ்ப்ரே அடித்தான். திரும்பித் தின்னர் டின்னை எடுத்தான்...

சப்.

ஈரக் கையைப் பலகையில் வைத்த சத்தம். பார்த்தால் நான்கு விரல்கள். துடைத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் சப். தின்னர் வாடை போய்க் குளத்துச் சேற்று வாடை வந்தது.

பயந்திருக்க வேண்டும். அவனுக்கோ எரிச்சல்தான் வந்தது. மூன்று இரவுத் தூக்கம் போன எரிச்சல்.

"எதையாவது பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கணும்னா, வேற எதையாவது பிடிச்சிக்க. இத விட்டுரு," என்றான், ஆளில்லாத இடத்தைப் பார்த்து.

கடைசியாக ஒரு தடவை அடித்தான். காய்ந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தும் ஒட்டு எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. அப்பாடா என்று கிளம்பினான். ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள் இழுக்க மறுத்தது. பெட்ரோல் சரியில்லை என்று அதையும் ஏசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

கதவைத் திறந்த மனைவி சுதர்ஷினி, அவன் உள்ளே நுழைந்ததும் பின்னாலிருந்து கேட்டாள்.

"தோள்ல யாருங்க கை வச்சது?"

சட்டையின் முதுகுப் பக்கம், வலது தோளில், நான்கு நீல விரல்கள்.

அந்தச் சட்டையை அவள் அடுப்பில் போட்டாள். விமானம் பறந்துவிட்டது, வேலை பிரமாதம் என்று காலையில் ஸுஹைர் போன் செய்தார். வேன்களும் வருகின்றன. ஆனால் பிரதாப் எந்தச் சட்டையைப் போட்டாலும்... அதே தோள்.

இன்று சாயங்காலம் அவன் இங்கே வந்திருந்தான். அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

தொட்டுப் பாருங்கள். இன்னும் காயவில்லை.