பட்டறைக்கு மேலே ஒரு பங்க் பேண்டு

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் மடியில் கிட்டார், இன்னொருவன் கையில் அவர்களே போட்ட புது சிடி. சிடிக்காரன் சொன்னதைக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மொத சிடிக்கு தெருவே வந்து சண்ட போட்டுச்சு மாமு. இத்தக் கேட்டு எங்கம்மா உருகி அழுவுது. காட்டுக் கத்தல் கத்துனாத்தான பங்க் மியூசிக்கு? இனிமே நம்மள எவன் பங்க் பேண்டுன்னு ஒத்துக்குவான்?"

"பேப்பர்ல நல்லாத்தான போட்டுகீறான்? பசங்களுக்குப் பக்குவம் வந்துடுச்சு, பாட்டுல மெலடி கீதுன்னு."

"இன்னா பக்குவம்? தண்டையார்பேட்டைல நம்ம பிராக்டீஸ் ரூமுக்குக் கீழ லேத் பட்டறை இருந்துச்சு. அந்த சத்தத்துக்கு மேல கத்துனாத்தான் நம்ம பாட்டு நமக்கே கேக்கும். பட்டறைக்காரன் காலி பண்ணிகினு போய்ட்டான், நாமளும் கத்துறத நிறுத்திட்டோம். அவ்ளோதான் மேட்டரு."

கிட்டார்க்காரன் மடியிலிருந்த கிட்டாரை ஒரு தட்டு தட்டினான்.

"அவன் போனப்புறம்தான் மாமு எனக்கும் ஒண்ணு தெரிஞ்சுது. மொத சிடி பூரா நீ ஒரு பாட்டு பாடிகினு இருந்துகீற, நான் வேற பாட்டு வாசிச்சிகினு இருந்துகீறேன்."

சிடிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், அதாண்டா பங்க்கு! அத்தப் போய் வுட்டுட்டமே!"