மேல்மலைக்கு ஏறிய பிடிமண்

சோற்றை அரைவேக்காட்டில் இறக்குவது எனக்கு நன்றாக வரும். பருக்கையோடு பருக்கை ஒட்டக்கூடாது. ஆறவைத்துப் பைகளில் கட்டி, பச்சைப் பூஞ்சணத்தின் விதையைத் தூவி வைத்தால் சில நாளில் பை முழுவதும் பாசி நிறமாகிவிடும். அதை எருவில் கலந்து பட்டர்புரூட் என்கிற வெண்ணெய்ப்பழ மரங்களின் அடியில் போடுவோம். வேரை அழுகவைக்கும் நோயை அது அடக்கிவிடும். “இந்த ஊமக்கோட்டான் ஆக்குற சோத்த மனுசன் திங்க முடியாது, மரந்தான் திங்கணும்” என்று வேலாயி அக்கா சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், சத்தமில்லாமல்.

ஐயா, மேல்மலைக் கன்றுகளுக்கு வந்த நோயை விசாரிக்க நீங்கள் வந்து எல்லோரிடமும் கேட்ட கேள்வி நியாயமானது. நோய் மண்ணோடும் தண்ணீரோடும் கீழே இறங்கும். கீழ்த்தோட்டத்தில் இருந்தது மேல்மலைக்கு எப்படி ஏறியது? என்னிடம் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னதால்தான் நான் பள்ளிக்கூடம் போவதை விட்டேன். பூஞ்சணக் கொட்டகையை நடத்த வந்த சண்முகவடிவு அக்கா என்னைப் பேசச் சொன்னதே இல்லை. ஒரே மேசையில் நாள் முழுவதும் பை கட்டுவோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். அப்படி ஒருவர் எனக்கு வேறு இல்லை.

கீழ்த்தோட்டம் தேறத் தொடங்கியது. ஒருநாள் அக்கா சந்தோஷமாகச் சொன்னார்: “மேல்மலைக் கன்னு இந்த மழையத் தாண்டிட்டா போதும் புள்ள. கொட்டகைய மூடிட்டு நான் பட்டிப்பொலைத் தோட்டத்துக்குப் போயிருவேன்.”

மேல்மலை செல்லசாமி மாமாவின் நிலம். கைவிட்ட தேயிலை மலையைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி, தன் கையிருப்பையெல்லாம் போட்டுக் கன்று வைத்திருந்தார். நோய் படாத மண். சுண்ணாம்புத் தொட்டியில் கால் நனைக்காமல் அக்கா யாரையும் மேலே விடமாட்டார்.

மாமா அங்கே முனியாண்டி வைக்க நினைத்தார். புதிதாகச் சாமி வைத்தால் பழைய கோயிலடியிலிருந்து பிடிமண் கொண்டுபோக வேண்டும். கீழ்த்தோட்டத்துக் கோயிலைக் கூட்டுகிறவள் நான் என்பதால் என்னையே எடுத்துத் தரச் சொன்னார். குளித்துவிட்டு மஞ்சள் துணியோடு போனேன். கோயிலடியில் எடுக்கவில்லை. கடைசி வரிசையில் நோயில் பட்டுப்போய்க்கொண்டிருந்த மரத்தின் வேரடியில் எடுத்தேன். ஒரு கன்று வாடினால் போதும், அக்கா இன்னும் கொஞ்ச காலம் இருப்பார் என்று நினைத்தேன்.

மாமா முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாத காலைச் சுண்ணாம்பில் நனைத்தார். அக்கா என்னைப் பார்த்தார். “கோயிலடி மண்ணுதானே புள்ள?” நான் தலையாட்டினேன். அவரும் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு வழிவிட்டார். உங்களிடம் யாரும் இதைச் சொல்லாததில் ஆச்சரியமில்லை. அவர்களுக்கு அது மண் அல்ல, சாமி.

மாமா கல்லின் கீழே கொஞ்சம்தான் போட்டார். மீதியை ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே போனார். “எல்லாம் எம்புள்ளைகதானே, ஒன்னுக்கு வச்சு ஒன்னுக்கு வைக்காம இருக்கலாமா?” என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அளவுக்குச் செய்தது அவர்தான்.

மழையில் எல்லாக் கன்றுகளும் கருகின. சாமி தன்னை ஏற்கவில்லை என்று மாமா நம்பினார். சாப்பாட்டை விட்டார். ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்று என்னிடம் கேட்டார்: “மண்ணு அள்ளயில ஒங்கை சுத்தமா இருந்திச்சா தாயி?”

தலையாட்டினேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அந்த வழியாகக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் அவரை முனியாண்டி கல்லடியில் பார்த்தார்கள். மழையில் நனைந்து விறைத்துப்போயிருந்தார்.

இப்போது பனி மூடும் வேளைகளில் தொட்டிக்கு அப்பால் வெள்ளைக் காலடிகள் மேலே ஏறுகின்றன. வெறுங்கால். திரும்பி இறங்கிய தடம் இல்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறேன். மறுபடி பனி இறங்கினால் மறுபடி இருக்கின்றன.

அக்கா போகவில்லை. மேல்மலை மண்ணைக் குணமாக்காமல் போகமாட்டேன் என்கிறார். அவருக்காகத்தான் சோறு இறக்குகிறேன். மாமாவைப் புதைத்த இடத்திலும் ஒரு பிடி பச்சையைப் போட்டுவருகிறேன். அங்கே புல் நன்றாக வந்திருக்கிறது. நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை.

மேல்மலை மண் தேறிவிட்டது என்று நேற்று அக்கா சொன்னார். வேலாயி அக்காவும் எதிர்மலையில் கன்று வைத்திருக்கிறார், சாமி வைக்கப் போகிறார். பிடிமண் எடுத்துத் தருவாயா என்று என்னிடம் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.