உலகம் அழிந்தால் மண்டப வாடகை என் பொறுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் கோயில் தலைவர் அவர்களே, அமரர் சதாசிவம் அண்ணனின் துணைவியார் கலாதேவி அக்கா அவர்களே, லகாட் பழைய தோட்டத்து உறவுகளே, சித்தியவானிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே! அனைவருக்கும் வணக்கம்!

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன்! உலகம் அழியாது என்றேன். அழிந்ததா? வீரம்மா அக்கா மகள் தினேஸ்வரியின் கல்யாணப் பேச்சு தடுமாறும் என்றேன். தடுமாறியது! அதை நிமிர்த்த ஒரே ஆளால்தான் முடியும் என்றேன். நிமிர்த்தினார்! அவர் போவார் என்பதையும் சொல்லியிருப்பேன், வாய் வரவில்லை.

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் கேட்கிறேன். நம் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், செயல்வீரர் சதாசிவம் அண்ணனைப் போல் ஓர் ஆள் ஈப்போவில் உண்டா? பேராக் முழுக்கத் தேடினாலும் உண்டா?

சில மாதங்களுக்கு முன்னால் கைப்பேசியில் ஒரு சாமியார் வந்தாரே, நினைவிருக்கிறதா? புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை உலகம் முடியும் என்றாரே! கடையில் மெழுகுவத்தி இல்லை, அரிசி இல்லை. வாங்க நின்ற வரிசை, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பீடோர் வரைக்கும் போனது, என் கண்ணால் பார்த்தேன்! இரண்டாம் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே ஜெயபாலன், அவர் வீட்டு ஹாலில் சார்டின் டின்கள் கூரையை முட்டின.

அண்ணன் போனார். டின்களைச் சுற்றி வந்தார்.

"தம்பி, உலகம் எப்போ அழியுது?"

"புரட்டாசியிலண்ணே."

"நீதான் புரட்டாசியில கவுச்சி தொடமாட்டியே. யாருக்குலா இவ்வளவு மீனு?"

ஜெயபாலன் டின்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அய்யோ, அத யோசிக்கலண்ணே!"

அந்தச் சனிக்கிழமை போனது. ஞாயிறு விடிந்ததும் அண்ணன் ஜெயபாலன் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, உலகம் இருக்கு. குப்பை லோரி வருது. குப்பைய வெளிய வை."

இது சிரித்துவிட்டுப் போகிற கதையா? இல்லை! அந்தப் பயத்தில் சித்தியவான் மாப்பிள்ளை வீட்டார், "அழியப்போற உலகத்துல கல்யாணம் எதுக்கு?" என்று தை மாதத் திருமணத்தைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். தினேஸ்வரி சாப்பிடாமல் கிடந்தாள். அண்ணன் மோட்டார் சைக்கிளில் சித்தியவானுக்கே போனார். மழை அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியது! மாப்பிள்ளை பவித்ரனின் அப்பா முன்னால் நின்று சொன்னார்: "உலகம் அழிஞ்சா மண்டப வாடக என் பொறுப்பு. அழியலன்னா உங்க பையன் தாலி கட்டணும். சரியா?"

யாரால் மறுக்க முடியும்?

இன்று என்ன நடக்கிறது? அதே சாமியார் மறுபடியும் வந்திருக்கிறார். கணக்குப் பிசகிவிட்டதாம், தை மாதம்தான் அழிவாம்! "கிண்டல் பண்ணவரே போய்ச் சேந்துட்டாரு, பாத்தீங்களா" என்று வாசலில் யாரோ பேசியது என் காதில் விழுந்தது. உறவுகளே! அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது, இருதய நோய் இருந்தது, தேத்தண்ணியில் சீனியைக் குறைக்காத பிடிவாதமும் இருந்தது! இதில் சாமியாருக்கு என்ன பங்கு? ஒரு நல்ல மனிதர் போனால் நமக்குத் துக்கம். அது பிரளயமா?

ஆஸ்பத்திரியில் அண்ணன் என் கையைப் பிடித்தார். "தம்பி, தினேஸ்வரி கல்யாணத்த நிறுத்திராதீங்க" என்றார். அதுதான் அவர் கடைசி வார்த்தை!

ஆகவே இந்த மேடையில் உறுதி சொல்கிறேன். அண்ணன் விட்டுப்போன சொல்லை நான் சுமக்கிறேன். உலகம் அழிந்தால் மண்டப வாடகை என் பொறுப்பு! அழியாவிட்டால் தையில் தாலி! பவித்ரனின் அப்பா தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கலாதேவி அக்கா என்னையே பார்க்கிறார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவரும் இருந்தார்.

சரி. அந்தக் கடைசி வார்த்தை நான் சேர்த்தது. சபைக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று சேர்த்தேன். அண்ணன் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கு வரும்போது ரொட்டி சானாய் ரெண்டு வாங்கிட்டு வாலா. கறிய தனியா கட்டச் சொல்லு, இல்லன்னா ரொட்டி ஊறிப்போயிரும்."

சாகக் கிடந்தவரே நாளைக்கு என்றார், மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி!