நின்றிருந்த கார்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை டிராமில், காலடியில் கனத்த பேட்டரியை வைத்திருந்த கார் டிரைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "சும்மா நின்னே செத்துப்போச்சு அண்ணே."

"எது?"

"முதலாளி காரோட பேட்டரி. அவர் தவறினதிலேர்ந்து வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க முதலாளியம்மா. இன்னைக்கு அவங்களே, சத்தம் கேக்கணும், கிளப்புன்னாங்க. கிளம்பலை. அழுதுட்டாங்க."

"ஓட்டாத வண்டியில எப்படிப்பா தீரும்?"

"நின்னாலும் உள்ளுக்குள்ளே தானா கரைஞ்சுகிட்டேதான் இருக்கும். ஓடினாத்தான் திரும்ப ஏறும். அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"இதுக்கு சார்ஜ் ஏத்திட்டு வா, நாளைக்கு என்னைக் கடலோரமா கூட்டிட்டுப் போன்னாங்க. அவர் போனப்புறம் வாசலைத் தாண்டாதவங்க அண்ணே."