உறையில் இருந்த ஏழு

மார்ச் ஒன்பதாம் நாள் ஆய்வுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட இரங்கற்குறிப்பில் ஒரு வாக்கியம் தவறு. 'தம் பிழையைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டவர்' என்று அம்மையாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். திருத்தக் கோரி மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. களைப்பாக இருந்தாலும் விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

மொழியாசிரியராக இருந்து, பள்ளி அறிவியல் பாடநூலைத் தமிழாக்கியும் கொடுத்து, ஓய்வு பெற்றபின் அங்கே அறிக்கைகளுக்கு மெய்ப்புப் பார்த்து வந்தேன். அம்மையார் குழுத்தலைவி. ஒரு துகள் சிதையும்போது இருவகைச் சிறு துகள்கள் பிறக்கும். ஒரு வகை நூறென்றால் மற்றதும் நூறு என்பது கோட்பாடு. அவருடைய முதற்சோதனையில் மற்றது எண்பத்தாறுதான் வந்தது. கோட்பாட்டுக்கு அப்பால் ஏதோ இருக்கிறதென்று உலகமே காதைத் தீட்டிக்கொண்டது. உறுதிசெய்யப் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கி, பதினோராண்டுகள் எண்ணினார்.

எண்ணுபவரின் ஆசை கணக்கில் புகுந்துவிடக் கூடாதென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் ஒருவர் தமக்கு மட்டும் தெரிந்த எண்ணைக் கணினியில் சேர்ப்பார். விடைகளெல்லாம் அந்த அளவு கூடுதலாகவே தெரியும். அந்த எண்ணைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி வைத்திருப்பார். கணினியில் அந்த எண்ணை யாராலும் பார்க்க முடியாது; முடிவில் உறையைப் பிரித்து, அதிலுள்ள எண்ணைத் திரையில் தெரியும் விடையிலிருந்து கழிப்பார்கள். இயற்பியல் தெரியாதவர், பொய் சொல்லாதவர் என்று அந்தப் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். நான் இருபத்திரண்டைச் சேர்த்தேன்.

உறை பிரிப்பதற்கு முந்தின நாள் இறுதி விடை நூற்றேழு என்று திரையில் தெரிந்தது. அம்மையார் தேநீர்க் கோப்பையுடன் வந்தார்.

"சார், பள்ளிக்கூடப் அறிவியல் புத்தகத்துல 'எப்போதும் சமமாகவே பிறக்கும்'னு தமிழ்ல எழுதினது நீங்கதானே? அந்த 'எப்போதும்' நாளைக்குத் தப்பிக்குமா?"

"முப்பது வருஷமா தப்பிச்சிட்டுத்தான்மா இருக்கு."

"அப்போ கடைசியா ஒரு தடவை ஆசை தீரப் படிச்சுக்குங்க."

எனக்குக் கழித்தல் தெரியும். எண்பத்தைந்து. முப்பதாண்டுகளில் அந்த வாக்கியத்தை எத்தனையோ பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நான் தவறாகச் சொன்னேன் என்றாகிவிடும். புதிய உறை ஒன்று வாங்கினேன். தாளில் ஏழு என்று எழுதி ஒட்டினேன்.

மறுநாள் விடை சரியாக நூறு. யாரும் கைதட்டவில்லை. குழுவைக் கலைத்தார்கள்.

அதன்பின் இரண்டாண்டுகள் அம்மையார் முதற்சோதனையில் தாம் செய்த பிழையைத் தேடினார். செவ்வாய்தோறும் ஓர் அறிக்கை என் மேசைக்கு வரும். கம்பிகளைச் சோதித்தேன், பிழையில்லை. காந்தத்தைச் சோதித்தேன், பிழையில்லை.

"எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன் சார். கண்ணுலயே பட மாட்டேங்குது."

"தேடுங்கம்மா, கிடைக்கும்," என்று ஒவ்வொரு முறையும் தைரியம் சொன்னேன். அறிக்கைகளையும் ஒற்றுப்பிழையின்றித் திருத்திக் கொடுத்தேன். மார்ச் எட்டில், எழுதிக்கொண்டிருந்த அறிக்கையின்மீதே அவர் தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

அவர் பிழை எதுவும் செய்யவில்லை. செய்யாத பிழையை ஒருவர்மீது எழுதி ஒட்டுவது அநியாயம். இதைப் படிக்கும் நீங்களாவது அந்த வாக்கியத்தை நீக்குங்கள். பாடநூலை மட்டும் தொடாதீர்கள். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.