பின்வாசல் தாழ்ப்பாள்

ஓடுகிறேன். இடது செருப்பு அறுந்துவிட்டது. வலது செருப்பையும் உதறிவிட்டு ஓடுகிறேன். முதலில் ஒரு வெடி. அப்புறம் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. பட்டாசு இல்லை. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். சிதம்பரம் கடைத்தெருவில் பலகைக் கதவுகள் படபடவென்று விழுகின்றன. கண் எரிகிறது. புகையால்.

"படுத்துக்கோங்க! எல்லாரும் கீழ படுங்க!"

யாரோ கத்துகிறார்கள். நான் படுக்கவில்லை. ஜெபக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. என் கணவர் அங்கே இருக்கிறார்.

1965. தை முடிகிற வாரம். வெள்ளிக்கிழமை. இந்தி வேண்டாம் என்று ஊர் ஊராக மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். இப்போது அதை மொழிப்போர் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அதற்குப் பெயர் தெரியாது.

என் பெயர் எஸ்தர். அப்போது வயது முப்பத்திரண்டு. நர்ஸ் படிப்பு படித்தவள். சிதம்பரத்திலும் கீரப்பாளையத்திலும் பிரசவம் பார்த்தேன். கணவர் சாமுவேல், உபதேசியார். பதினான்கு குடும்பங்கள் கூடுகிற சின்ன சபை எங்களுடையது. பாதிப்பேர் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிழைக்கிறவர்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரிதான் சாமுவேல் பிரசங்கம் செய்வார்.

"கலெக்டரு நம்ம ஊருக்கு வர்றதில்ல. தாசில்தாருதான் வர்றாரு. அவரு தப்பா நடந்தா கெட்ட பேரு கலெக்டருக்கு. இயேசுவுக்கு இந்த ஊர்ல நாமதான் தாசில்தாரு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜெபக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. நுழைந்ததும் கதவைச் சாத்தினேன். சாமுவேல் என் காலைப் பார்த்தார். ரத்தம். கண்ணாடி ஏதோ குத்தியிருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

"தாவீது எங்க?" என்று கேட்டார்.

தாவீது என் தம்பி. இருபது வயது. தனியாக ரூமில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அன்று காலை எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஊர்வலத்துக்குப் போக மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

"ரூம்லதான் இருப்பான்" என்றேன்.

அப்போது கொல்லைப் பக்கம் ஏதோ விழுந்தது. கனமான சத்தம். ஒரு ஆள் மதில் ஏறிக் குதித்திருக்கிறான். பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். காக்கிச் சட்டை. தொப்பி இல்லை. துப்பாக்கி இல்லை. காதிலிருந்து ரத்தம் ஒழுகுகிறது. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கையை மட்டும் கூப்பினான். அவன் பெயர் கோவிந்தன் என்பது பின்னால்தான் தெரியும்.

சாமுவேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியைத் தூக்கினார். அவன் உள்ளே போய்ச் சுருண்டுகொண்டான். துணி தரையைத் தொட்டது. அவ்வளவுதான்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்கதவில் கல் விழுகிறது. ஒன்று. இன்னொன்று.

"போலீஸ்காரன் உள்ளதான் பூந்தான்! வெளிய வுடு!"

சாமுவேல் கதவைத் திறந்து படியில் போய் நின்றார். கைகளை இரண்டு பக்கமும் நிலையில் ஊன்றிக்கொண்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால். தெருவில் ஐம்பது அறுபது பேர். எல்லாரும் முகம் தெரிந்தவர்கள். முன்னால் நின்றது கதிரேசன். பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவருடைய மூத்த பெண்ணை இந்தக் கைதான் பிறக்க வைத்தது.

"உபதேசியாரே, உள்ள இருக்கானா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

இல்லை என்று ஒரு சொல் போதும். அந்த ஊரில் சாமுவேல் சொன்னால் நம்புவார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இருக்கான்" என்றார் சாமுவேல். "குடுக்க மாட்டேன்."

கதிரேசன் கத்தினார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒங்க மச்சான சுட்டுட்டானுங்கய்யா! தாவீது அங்க வாய்க்கா ஓரமா கெடக்குறான்! அவனுங்களையா ஒளிச்சி வெக்கிறீங்க?"

சாமுவேலின் கைகள் நிலையிலிருந்து நழுவின. மறுபடி ஊன்றிக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி தெருவைப் பார்த்து நின்றார்.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன்.

நான் உள்ளே போனேன். மேசைத் துணியைத் தூக்கினேன். அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ சுட்டியா?"

"சுட்டேன்மா. சுடுன்னாங்க. யாரு மேல பட்டுச்சின்னு தெரியாதும்மா."

துணியை விட்டேன். பின்வாசலுக்கு நடந்தேன். ஓடவில்லை. நடந்தேன். கொல்லையில் ஆட்கள் இருப்பது தெரியும். மதில் ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரும்புத் தாழ்ப்பாள். துருப்பிடித்தது. எப்போதும் இரண்டு கையால் இழுக்க வேண்டும். இரண்டு கையாலும் இழுத்தேன். 'கிரீச்' என்றது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

இரண்டு பேர் நுழைந்தார்கள். முன்பக்கத்திலிருந்து சுற்றி வந்த கதிரேசன் ஒருவர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர். நான் மேசையைக் கையால் காட்டவில்லை. காட்டத் தேவையிருக்கவில்லை. என் கண் அங்கே போனது.

இழுத்தார்கள். அடித்தார்கள். சைக்கிள் செயின். முதல் அடி முதுகில். இரண்டாவது முகத்தில். அவன் "அம்மா" என்றான். நான் தினமும் கேட்கிற சொல் அது. பிரசவ வலியில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போய்ப் பழகிய உடம்பு என்னுடையது. ஓடினேன். அவன் மேல் குப்புற விழுந்தேன். மூன்றாவது அடி என் வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

"வுடுங்க! செத்துடுவான்! வுடுங்கடா!"

கத்தியது நான்தான். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்.

அதே சமயம் முன்பக்கம் ஒரு கூச்சல். "உபதேசியாரு வுழுந்துட்டாரு! யாருடா கல்ல வுட்டது?" கதிரேசன் செயினைக் கீழே போட்டார். கூட்டம் அப்படியே அடங்கியது. கலைகிற கால் சத்தம். அப்புறம் தெருவில் ஒருவரும் இல்லை.

சாமுவேல் படியில் கிடந்தார். இடது பொட்டில் கல். நினைவு இருந்தது.

"பையன்?" என்றார்.

"உயிரோட இருக்கான்."

"பின்னாடி எப்பிடி வந்தாங்க?"

"ஒடச்சிட்டாங்க" என்றேன். அதுதான் முதல் பொய்.

பஸ் இல்லை. ரயில் இல்லை. பரங்கிப்பேட்டை காதர் பாய் மீன் ஏற்றும் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் சாமுவேல். "ஏறும்மா தங்கச்சி. கடலூருக்குப் போயிடலாம்." வாய்க்கால் ஓரம் போய் தாவீதைத் தூக்கினோம். உயிர் இருந்தது. குண்டு இடது முழங்காலில். மூன்று பேரையும் மீன் கூடைக் கோணியின் மேல் கிடத்தினோம்.

தாவீதுக்குக் காக்கிச் சட்டை தெரிந்தது.

"அக்கா, இவன எறக்கு."

"முடியாதுடா."

"என்னையும் அவனையும் ஒண்ணாவா படுக்க வெக்கிற? அவன எறக்கு. இல்ல என்ன எறக்கு."

என்ன பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இருந்தது?

புவனகிரி தாண்டுவதற்குள் வண்டியை மறித்தார்கள். ரோட்டில் குறுக்கே பனைமரம். இருபது முப்பது பேர். கறுப்புக் கொடி. மணி இரண்டு இருக்கும். வெயில் கொதிக்கிறது.

"உள்ள யாரு?"

காதர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோணியை இழுத்து மூடினால் காக்கி தெரியாது. மூடவில்லை. இன்னொரு பொய் என்னால் முடியவில்லை.

"என் புருஷன். என் தம்பி, குண்டடி பட்டிருக்கான். அந்தாண்ட கெடக்கறவரு போலீஸ்காரரு. மூணு பேரையும் கடலூருக்கு எடுத்துட்டுப் போறேன்."

ஒருவன் எட்டிப் பார்த்தான். தாவீதைக் கேட்டான்.

"இவுங்க சொல்றது நெசமா தம்பி? இவன் போலீஸா?"

தாவீது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் கோவிந்தனை இறக்கியிருப்பார்கள். சொல்லவில்லை. வெளியே ஒருவன் காறித் துப்பினான். இன்னொருவன் மரத்தைப் பிடித்து இழுத்தான். "போங்க" என்றான். "சீக்கிரம் போங்க."

ஆலப்பாக்கம் வரை சாமுவேல் பேசினார். அதற்கு மேல் பேச்சு குழறியது. கடலூர் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது இடது கண்ணின் பாப்பா விரிந்திருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். மண்டைக்குள் ரத்தம். திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு மூச்சு நின்றது. கடைசிவரை பின்கதவை உடைத்தார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. கல் எறிந்த கூட்டத்திலிருந்தும் வந்தார்கள். பெரியவர்கள் அவரை இரத்தசாட்சி, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் என்றார்கள். அவருக்கு அது பொருந்தும். ஆனால் என்னையும் அப்படிப் பார்த்தார்கள். முறிந்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் ஒருத்தி. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கேஸ் கடலூரில் நடந்தது. சாமுவேல் மேல் கல் எறிந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கதிரேசனும் மூட்டை தூக்குகிறவரும் கூண்டில் நின்றார்கள். வேதபுத்தகத்தின் மேல் என் கையை வைத்தேன். கட்டுப் போட்ட கை.

"பின்கதவு எப்படித் திறந்தது?" என்று வக்கீல் கேட்டார்.

கதிரேசன் கூண்டிலிருந்து கத்தினார். "அக்கா, நீயே சொல்லுக்கா! உள்ளேருந்து தெறந்தது யாரு?"

அவரை அதட்டி அடக்கினார்கள்.

"உடைத்தார்கள்" என்றேன்.

அடித்ததற்கு மூன்று மாதம். கதவை உடைத்து நுழைந்ததற்கு இன்னும் ஆறு மாதம். அந்த ஆறு மாதம் என்னுடையது. உண்மையைச் சொன்னால் சாமுவேலின் சாவுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபைக்குக் கெட்ட பெயர் என்றும் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரியான சொல்.

கோவிந்தன் வேலையை விட்டுவிட்டார். வலது கண் போய்விட்டது. ஒரு நாள் தாம்பாளத்தில் புடவையும் பழமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "எனக்கு ரெண்டாவது தாயாருங்க நீங்க" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். தாழ்ப்பாளைத் திறந்தது நான்தான் என்று. அவர் எழுந்து போனார். தாம்பாளத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்தது கதிரேசன் வீடு. விடுதலையாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சைக்கிள் கடை இல்லை. அவர் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தினாள். நான் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அவரு பொய் சொல்ல மாட்டாரு. அவரு ஜெயில்ல இருந்தப்ப எனக்கு வலி வந்துச்சி. ஒன்னக் கூப்புடலாம்னு மாமியா சொன்னாங்க. வேணாம்னுட்டேன். பொம்பளப் புள்ள, கழுத்துல கொடி சுத்தி வந்துச்சி. எடுக்கத் தெரிஞ்ச கை பக்கத்துல இல்ல."

உள்ளேயிருந்து கதிரேசன் குரல் கேட்டது. "போகச் சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்.

அந்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சபை மூப்பர் ஒருவர் குறுக்கே வந்தார். "உபதேசியாரு பேரு கெட்டுடும்மா. உக்காரு." உட்காரவில்லை. அவர் பெயர் கெடாது. அவர் 'இருக்கான்' என்றவர். நான் 'உடைத்தார்கள்' என்றவள். ஊர் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீலிடமும் எழுதிக் கொடுத்தேன். முடிந்துபோன கேஸ் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது 1969. கீரப்பாளையத்தில் இருக்கிறேன். வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. இடது கையால் பிரசவம் பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமையால் எங்கள் பக்கத்தில் போனவற்றை எழுதி வைக்கிறேன். மற்றவர்கள் அவரவர் கணக்கை எழுதட்டும்.

சாமுவேல், முப்பத்தெட்டு வயது. தாவீதின் இடது கால், முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவன் படிப்பு. அவன் என்னிடம் பேசுவது. நான்கு வருடமாகப் பேச்சில்லை. கோவிந்தனின் வலது கண். கதிரேசனின் கடை. இரண்டு ஆண்களின் ஆறு மாதம். சபையை விட்டுப் போன ஐந்து குடும்பங்கள்.

ஒரு பெண் குழந்தை. பெயர் வைக்கவில்லை.