வலது பக்கத்து கிட்டார்

கோகுல்ராஜ்: இன்னாடா, மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கினு கீற? பாட்டு நல்லா இல்லியா?

சுஃப்யான்: இரு... இன்னொரு வாட்டி கேக்குறேன்.

கோகுல்ராஜ்: மூணு வாட்டி கேட்டுட்ட. வாணியம்பாடிலேர்ந்து பைக்ல அத்தன மலை வளைவு ஏறி வந்து, ஹெட்போன மாட்டிக்கினு உக்காந்துட்டா எப்படி? அம்மா சாமையரிசிச் சோறு ஆக்கி வச்சிருக்கு. எழுந்து வா.

சுஃப்யான்: மெட்டு சூப்பர்டா. பாடுற பொண்ணு குரலுக்குக் கீழ இன்னொரு குரல் வந்து சேருது பாரு... அதுவும் சூப்பர். காலேஜ்ல இதான் பெஸ்ட் ப்ராஜெக்டா வரும். ஆனா அந்த கிட்டார்...

கோகுல்ராஜ்: எந்த கிட்டார்? இதுல கிட்டாரே கெடயாது.

சுஃப்யான்: கெடயாதா? பாட்டு முழுக்க ஓடுது கோகுல்! பாட்டு மைனர்ல போவுது, கிட்டார் மேஜர்ல வாசிக்குது. ரெண்டும் அடிச்சுக்குது.

கோகுல்ராஜ்: ...ஆ, அதுவா. அது வேணும்னுதான் வச்சேன். ஒரு எஃபெக்டு.

சுஃப்யான்: இப்பதான் கெடயாதுன்ன.

கோகுல்ராஜ்: மறந்துட்டேன்.

சுஃப்யான்: நீ மறந்துட்ட? க்ளாஸ்ல முப்பது பேர் பாடும்போது ஒருத்தன் லேசா சுருதி எறங்கினா திரும்பி மொறைக்கிற ஆளு நீ. உனக்கு இது கேக்கலியா?

கோகுல்ராஜ்: என் ஹெட்போன் வயரு போச்சு. அதனால இருக்கும்.

சுஃப்யான்: அப்ப என்னுத மாட்டு. கிட்டார் வலது பக்கம் மட்டும்தான் வருது. அந்தப் பக்கத்த மட்டும் போடுறேன், கேளு.

கோகுல்ராஜ்: சாப்ட்டு வந்து கேக்குறேனே...

சுஃப்யான்: மாட்டுறா.

கோகுல்ராஜ்: சரி... மாட்டிட்டேன்.

சுஃப்யான்: கேக்குதா?

கோகுல்ராஜ்: கேக்குது. கிட்டார்தான். நல்லா தெளிவா கேக்குது.

சுஃப்யான்: நான் இன்னும் போடவே இல்ல.

கோகுல்ராஜ்: வெளையாடாத சுஃப்யான்.

சுஃப்யான்: திருப்பி மாட்டு. வலது பக்கத்த இடது காதுல வை. இப்ப நெஜமாவே போட்டுட்டேன்.

கோகுல்ராஜ்: வேணாம்டா...

சுஃப்யான்: வை!

கோகுல்ராஜ்: ...ஐயோ.

சுஃப்யான்: கேட்டுச்சா?

கோகுல்ராஜ்: ஐயோ... இது நான் மெட்ட மாத்தறதுக்கு முன்னாடி வாசிச்சதுடா. எப்பவோ அழிச்சிட்டேன்னு நெனச்சேன். ஒரு மாசமா இதுமேலயேவா ஒண்ணொண்ணா சேத்துக்கினு இருந்தேன்? அம்மாவுக்குக்கூட போட்டுக் காட்டினேனே...

சுஃப்யான்: உன் வலது காது...

கோகுல்ராஜ்: கேக்காது.

சுஃப்யான்: யா அல்லா! எப்பலேர்ந்து?

கோகுல்ராஜ்: ஜூன்லேர்ந்து. ஒருநாள் காத்தால எழுந்தேன், காதுக்குள்ள விசிலடிக்கிற மாதிரி சத்தம். குளிக்கும்போது தண்ணி பூந்திருக்கும்னு சொட்டு மருந்து ஊத்திக்கினு இருந்தேன். பரீட்ச வேற. திருப்பத்தூர்ல போய்க் காட்டறதுக்குள்ள மூணு வாரம் ஓடிப்போச்சு.

சுஃப்யான்: டாக்டர் இன்னா சொன்னாரு?

கோகுல்ராஜ்: நரம்பு போச்சாம். மொத ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாமாம். இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாரு.

சுஃப்யான்: ஒரே ரூம்ல படுத்துக்கினு இருந்தோமேடா... ஒரு வார்த்த சொல்லல நீ.

கோகுல்ராஜ்: எப்பவும் உன்ன எடது பக்கமாவே வரச் சொல்லி சண்ட போட்டேன்ல, இதனாலதான்.

சுஃப்யான்: நான் உனக்குத் திமிர்னு நெனச்சேன். கூப்டா திரும்ப மாட்டேன்றான்னு பசங்ககிட்டயும் சொன்னேன்.

கோகுல்ராஜ்: தெரியும். எடது காதுல நல்லா கேட்டுச்சு.

சுஃப்யான்: அப்ப உங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, லீவு வேணும்னது? அதோ களை எடுத்துக்கினு கீறாரு, நல்லாத்தான கீறாரு!

கோகுல்ராஜ்: மெதுவா பேசு. வூட்ல யாருக்கும் தெரியாது.

சுஃப்யான்: வூட்லயுமா?

கோகுல்ராஜ்: எம் புள்ள சென்னைல பாட்டு போடப் படிக்கிறான்னு ஜமுனாமரத்தூர் சந்தை முழுக்க சொல்லி வச்சிருக்கு அம்மா. அதுகிட்ட போயி காது போச்சும்மான்னு எப்படிச் சொல்வேன்?

சுஃப்யான்: ஒரு காத வச்சுக்கினு வேல செய்றவங்க கீறாங்கடா. கடைசியா எந்தச் சத்தம் வலதுல வரணும், எது எடதுலன்னு நான் பாத்துக் குடுக்குறேன்.

கோகுல்ராஜ்: அது பெரிய விஷயமில்ல. முன்னல்லாம் நாலு குரல் எழுதினா நாலும் மண்டைக்குள்ள தனித்தனியா நிக்கும். இப்ப எல்லாம் ஒரே ஓட்டை வழியா வர்ற மாதிரி கீது. சரியா எழுதுறேனா தப்பா எழுதுறேனான்னு எனக்கே தெரியல.

சுஃப்யான்: தப்பா இல்ல.

கோகுல்ராஜ்: சும்மா சொல்லாத. ஜூலைல அந்த டீத்தூள் கம்பெனில விளம்பரத்துக்குப் பாட்டு கேட்டாங்கன்னு ஆளுக்கொண்ணு எழுதினோம்ல? என்னுத நாலு குரலும் பேப்பர்ல எழுதி, யாரையாவது பாட வச்சு நம்ம ரெண்டு பேருதையும் அனுப்பிடுன்னு உன்கிட்ட குடுத்துட்டு வந்தேனே... அதான் ஒத்தக் காதோட எழுதின மொத பாட்டு. அத அவங்க எடுத்துக்கினா படிக்கலாம், இல்லன்னா வுட்டுடலாம்னு இருந்தேன்.

சுஃப்யான்: கோகுல், அந்தப் பாட்டு...

கோகுல்ராஜ்: கம்பெனிலேர்ந்து பதிலே வரல. புரிஞ்சுபோச்சு. திங்கக்கெழம வந்து டி.சி. வாங்கிக்கப் போறேன்... இன்னாடா, அழுவுறியா?

சுஃப்யான்: வாங்காத.

கோகுல்ராஜ்: ஏன்?

சுஃப்யான்: அடுத்த வாரம் அது டிவில வருது. நீ கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் மலை ஏறி வந்தேன்.

கோகுல்ராஜ்: எது வருது?

சுஃப்யான்: நீ எழுதினது. பதில் ஆகஸ்ட்லயே வந்துடுச்சு கோகுல். ஒரு எடத்தக்கூட மாத்தாம அப்படியே எடுத்துக்கினாங்க, எழுதினவனுக்கு வேலையும் குடுத்துட்டாங்க... அனுப்பும்போது அதுல நான் என் பேரப் போட்டுட்டேன்.